அடங்காத் தொய்வும் புதிய மருந்தும்

ஊவா மலைக்காற்று உடலுக்கு நல்லது என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. கரையோரத்து வெப்பத்தால் வாடியவர்கள் உடல் தேறும்பொருட்டுப் பண்டாரவளைக்கும் தியத்தலாவைக்கும் வந்து தங்குவது பழைய வழக்கம். ஆயினும் அதே மலைகளின் சரிவில், தேயிலைத் தோட்டத்து லயங்களில், நள்ளிரவில் பாயை விட்டு எழுந்து, சுவரில் கையூன்றி, ஒரு மூச்சுக் காற்றுக்காகப் போராடுவோரும் உளர். தோட்டங்களில் இழுப்பு என்றும், வடக்கிலும் கிழக்கிலும் தொய்வு என்றும் முட்டு என்றும், இன்று எங்கும் அஸ்துமா என்றும் சொல்லப்படும் நோய் இதுவே. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 26 கோடியே 20 இலட்சம் மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்றும், 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இறந்தவருள் மிகப் பெரும்பாலோர் வசதி குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

தொய்வு மூச்சுக்குழாயின் நோய். நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் சிறு குழாய்களின் உட்சுவர் தடித்துச் சிவந்து அழற்சியுற்றிருக்கும். தூசியோ, புகையோ, குளிரோ, தடிமனோ தூண்டிய மாத்திரத்தில், குழாயைச் சூழ்ந்துள்ள தசை இறுகும். உள்ளே சளி சுரந்து வழியை அடைக்கும். உட்சென்ற காற்று வெளிவர இயலாமல் திணறும்போதுதான் அந்த விசில் போன்ற ஒலி எழுகிறது. அழற்சி அடிப்படை, இறுக்கம் அதன் விளைவு. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் சிகிச்சையின் வரலாறு எளிதில் விளங்கும்.

1969ஆம் ஆண்டில் சல்பியூட்டமோல் என்னும் மருந்து வழக்குக்கு வந்தது. இறுகிய தசையைச் சில நிமிடங்களிலேயே தளர்த்துவது இது. 1972ஆம் ஆண்டில், உள்ளிழுக்கும் ஸ்டீரொய்ட் மருந்தாகிய பெக்லோமெதசோன் வந்தது. அழற்சியை நாட்போக்கில் அடக்குவது இது. புகை சூழ்ந்த வீட்டிற் சன்னலைத் திறந்துவிடுவது முதல் மருந்தின் வேலை. அடுப்பிலிருந்து பரவிய நெருப்பை அணைப்பது இரண்டாம் மருந்தின் வேலை. இரண்டையும் மக்கள் "பம்ப்" என்றே அழைக்கின்றனர். முதலாவது பெரும்பாலும் நீல நிறம். இரண்டாவது பெரும்பாலும் பழுப்பு நிறம். நீலப் பம்ப் உடனே சுகம் தருவதால் அதையே பலர் நம்புகின்றனர். பழுப்புப் பம்ப் உடனே எதையும் காட்டாததால் அதைப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். சன்னல் திறந்திருக்கிறது, நெருப்போ எரிந்துகொண்டே இருக்கிறது. நீலப் பம்பை மாத்திரம் கொண்டு தொய்வுக்குச் சிகிச்சை செய்தல் ஆகாது என்று, அஸ்துமாவுக்கான உலக வழிகாட்டி நூல் 2019ஆம் ஆண்டில் தெளிவாகவே அறிவித்தது. 200 முறை இழுக்கும் நீலப் பம்புகளை ஆண்டுக்கு 3 அல்லது அதற்கு மேல் முடிப்பவருக்கு ஆபத்து மிகுதி என்றும், 12 முடிப்பவருக்கு மரண பயமே உண்டு என்றும் அந்நூல் எச்சரிக்கிறது.

முறையாகச் செய்யும் சிகிச்சைக்குப் பெரும்பாலான நோயாளர் கட்டுப்படுகின்றனர். எனினும் ஒரு சிறு தொகையினர் எஞ்சி நிற்கின்றனர். ஒல்லாந்தில் நடந்த ஓர் ஆய்வின்படி, வயதுவந்த தொய்வு நோயாளர் 100 பேரை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 17 பேருக்கு நோய் அடங்காமல் இருக்கிறது. அந்த 17 பேருள்ளும் பெரும்பாலோர், மருந்தை ஒழுங்காகப் பாவிக்காதவர்கள், அல்லது பம்பைப் பிடிக்கும் முறை தவறியவர்கள், அல்லது வேறு நோய்களும் கூடியவர்கள். எல்லாவற்றையும் திருத்திய பின்னும் அடங்காத கடுந்தொய்வு உடையோர் 100க்கு ஏறத்தாழ 4 பேரே.

அந்த 4 பேருள் ஒருவராகக் கொழுந்து பறிக்கும் ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். அவள் பழுப்புப் பம்பைக் காலையும் மாலையும் தவறாமல் இழுக்கிறாள். இழுக்கும் முறையும் சரியே. இருந்தும் மாதம் இருமுறை மூச்சு முட்டி வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லப்படுகிறாள். ஒவ்வொரு முறையும் பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீரொய்ட் மாத்திரை கொடுக்கப்படுகிறது. அம்மாத்திரை உயிரைக் காப்பது உண்மை. ஆனால் அடிக்கடி உண்டால் அதுவே பகையாகிறது. முகம் வீங்குகிறது, சர்க்கரை ஏறுகிறது, கண்ணில் புரை படர்கிறது, எலும்பு உட்புறம் அரிக்கப்படுகிறது. வாழ்நாளில் 4 அல்லது 5 முறை இம்மாத்திரைத் தொகுதியை உண்டோருக்குக்கூட இத்தீங்குகள் மிகுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. முதுகிற் கூடை சுமந்து செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் ஒருத்திக்கு எலும்பு வலுவிழப்பது சிறிய செய்தி அன்று. மூச்சைக் காக்க எலும்பை விற்பதா என்ற நெருக்கடி அவளுடையது. பிறபொருளெதிரி மருந்துகள் இத்தகையோருக்காகவே பிறந்தவை.

பிறபொருளெதிரி என்பது உடலுக்குள் புகும் அயற்பொருளை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் ஒரு புரதம். காவலுக்கு அமர்ந்த இப்புரதமே சிலரிடத்தில் தீங்கு செய்கிறது என்பதை 1921ஆம் ஆண்டில் ஜேர்மனியில் இரு வைத்தியர்கள் காட்டினர். ஒருவர் குஸ்ற்னர், அவருக்கு மீன் ஒவ்வாது. மற்றவர் பிரவுஸ்னிற்ஸ், அவருக்கு மீனால் எத்தொல்லையும் இல்லை. குஸ்ற்னரின் இரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீரைப் பிரவுஸ்னிற்ஸ் தம் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றை ஏற்றியபோது தோல் தடித்து வீங்கியது. ஒவ்வாமையை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றவல்ல ஏதோ ஒன்று இரத்தத்தில் உண்டு என்பது விளங்கியது. அது யாது என்பது விளங்க மேலும் 45 ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவிற் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியராகிய இஷிசாகாக்களும், சுவீடன் நாட்டு ஜொஹான்சன், பென்னிச் என்போரும் 1966, 1967ஆம் ஆண்டுகளில் அதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். 1968இல் அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ என்ற பெயர் நிலைபெற்றது.

நோய்க்குக் காரணமான பொருள் தெரிந்தது. அதனை மாத்திரம் பிடித்துக் கட்டும் கருவி வேண்டியிருந்தது. 1975ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் மில்ஸ்ரைன், கோலர் என்னும் இருவர், ஒரே வகையான பிறபொருளெதிரியை வேண்டிய அளவு ஆய்வுகூடத்திலே உண்டாக்கும் வழியைக் கண்டனர். 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவ்வழியில் உருவான ஓமலிசுமாப் என்னும் மருந்துக்கு 2003ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இது இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் புரதத்தைப் பற்றி, அது ஒவ்வாமையைத் தூண்டாதபடி தடுக்கிறது. 2 வாரத்துக்கு ஒரு முறையோ 4 வாரத்துக்கு ஒரு முறையோ தோலுக்கடியில் ஊசியாக ஏற்றப்படுகிறது. ஒரு பிறபொருளெதிரியின் தீங்கை இன்னொரு பிறபொருளெதிரியால் அடக்கும் விந்தை இது.

அடுத்து வந்த மருந்தின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. தொய்வு நோயாளர் பலரின் மூச்சுக்குழாயில் இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் குவிந்திருக்கும். அவ்வணுக்களை வளர்த்துக் காப்பது இன்டர்லூக்கின் 5 என்னும் புரதம். அதனைக் கட்டும் மெப்போலிசுமாப் என்னும் மருந்து உருவானது. 2007ஆம் ஆண்டில் வெளியான பெரிய பரிசோதனையில் அது பயன் தரவில்லை. மருந்து வீண் என்று பலரும் எண்ணினர். ஆனால் அந்தப் பரிசோதனையில் எல்லா வகைத் தொய்வு நோயாளரும் வேறுபாடின்றிச் சேர்க்கப்பட்டிருந்தனர். 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரிலும் கனடாவின் ஹமில்ற்றன் நகரிலும் இரு குழுவினர் அதே மருந்தை மீண்டும் சோதித்தனர். ஹமில்ற்றன் குழுவின் முன்னணியில் நின்றவர் பரமேஸ்வரன் நாயர் என்னும் வைத்தியர். இம்முறை இயோசினோபில் அணுக்கள் மிகுந்து, ஸ்டீரொய்டுக்கும் அடங்காதவர்களையே தேர்ந்தெடுத்தனர். லெஸ்ரர் ஆய்வில் ஊசி பெற்றவர்களுக்கு ஓராண்டில் சராசரி 2 முறை கடுமையான முட்டு வந்தது. வெறும் ஊசி பெற்றவர்களுக்கு 3.4 முறை வந்தது. மருந்து மாறவில்லை, மருந்து பெற்றவர்களே மாறினர். யாருக்கு எது பொருந்தும் என்று அறிந்து கொடுப்பதே இச்சிகிச்சையின் உயிர்நிலை என்பதை இக்கதை காட்டுகிறது.

2015இல் மெப்போலிசுமாப் அனுமதி பெற்றது. பின்னர் 2016இல் ரெஸ்லிசுமாப், 2017இல் பென்ராலிசுமாப், 2018இல் தொய்வுக்கென டூபிலுமாப், 2021இல் டெசெபெலுமாப் என வரிசையாக வந்தன. பொருந்தியவர்களுக்கு இவை கடுமையான முட்டுகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றன. 2014ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் ஸ்டீரொய்ட் மாத்திரை உண்டவர்கள் மெப்போலிசுமாப்பின் துணையால் அம்மாத்திரையின் அளவைப் பாதியளவு குறைக்க முடிந்தது. முன்னர்ச் சொன்ன தாயின் எலும்புக்கும் கண்ணுக்கும் இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இவை நோயை வேரறுப்பவை அல்ல. ஊசி போட்டாலும் பழுப்புப் பம்பை நிறுத்தலாகாது. 4 மாதம் கொடுத்துப் பார்த்துப் பயன் உண்டா என்று வைத்தியர் முடிவு செய்வார். அரிதாக ஊசிக்கே கடும் ஒவ்வாமை எழலாம்; ஆதலின் முதல் ஊசிகள் வைத்தியர் கண்காணிப்பிலேயே இடப்படுகின்றன.

இனி விலையைப் பார்ப்போர் திடுக்கிடுவர். அமெரிக்காவில் மெப்போலிசுமாப் வந்தபோது ஓராண்டுச் சிகிச்சையின் விலை ஏறத்தாழ 32,500 டொலர். இலங்கைத் தோட்டத் தொழிலாளிக்கு 2021ஆம் ஆண்டில் நாட்கூலி 1000 ரூபாயாக நிர்ணயமாயிற்று. அன்றைய மாற்றுக் கணக்கில் அது 5 டொலர் அளவு. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் ஆண்டுக்கு 1500 டொலரே வரும். ஆகவே ஓராண்டு மருந்துக்கு ஏறத்தாழ 22 ஆண்டுக் கூலி வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சல்பியூட்டமோலும் உள்ளிழுக்கும் ஸ்டீரொய்டும் உண்டு; தொய்வுக்கான இந்த ஊசிகள் இல்லை. நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஓமலிசுமாப்பை ஒத்த மாற்று மருந்து ஒன்று 2024இல் ஐரோப்பாவிலும் 2025இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றுள்ளது. பலர் ஒரு மருந்தைச் செய்யத் தொடங்கினால் விலை இறங்குவது வழக்கம்.

விலை இறங்கும் நாள்வரை ஊவாவில் செய்யத்தக்கது ஒன்றுமில்லையோ எனின், மிகவும் உண்டு. உண்மையில் கடுந்தொய்வு உடையவர் யார் என்பதைக் கண்டறியும் வேலை முழுவதும் மலிவான வேலை. பதுளையிலேயே செய்யக்கூடிய வேலை.

முதலாவது, நோய் தொய்வுதானா என்று தெளிதல். நெடுநாள் புகை பிடித்தவரின் நுரையீரல் நோய், விறகுப் புகையால் வந்த நாட்பட்ட மார்புச் சளி, ஆறிய காசநோயின் வடு, இருதய பலவீனம் ஆகிய யாவும் மூச்சிரைப்பை உண்டாக்கும். ஊதிப் பார்க்கும் கருவியால் இவற்றைப் பெரிதும் பிரித்தறியலாம்.

இரண்டாவது, பம்ப் பிடிக்கும் முறை. இதனைப் பாவிப்போருள் 100க்கு 80 பேர்வரை தவறாகவே பாவிக்கின்றனர் என்று உலக வழிகாட்டி நூல் கூறுகிறது. குலுக்காமல் அழுத்துவதும், அழுத்திய பின் காலந்தாழ்த்தி இழுப்பதும், இழுத்தவுடன் மூச்சை விட்டுவிடுவதும் வழக்கமான பிழைகள். நோயாளி தம் பம்பையே கையில் எடுத்து வந்து தாதியின் முன் ஒருமுறை இழுத்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் பிழை வெளிப்படும். மருந்து தடையின்றிக் கிடைக்கிறதா என்பதும் இதனோடு சேர்ந்ததே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நிலவியது. பழுப்புப் பம்ப் இல்லாமற் போன வீட்டில் அடங்கிய தொய்வும் அடங்காத் தொய்வாகத் தோன்றும்.

மூன்றாவது, மூச்சில் ஏறும் தூசியும் புகையும். தனி அடுப்படியும் புகைபோக்கியும் இல்லாத லயக் காம்பராவில், விறகுப் புகை படுக்கும் பாயின்மேலேயே தங்குகிறது. தேயிலை ஸ்டோரிலோ வேறொரு தூசி உண்டு. வறுத்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது பஞ்சு போன்ற மெல்லிய துகள் காற்றில் எழும். இதனை இழுப்பதால் வரும் தொய்வை, கொழும்பு மார்பு நோய் வைத்தியராக விளங்கிய சி. ஜி. ஊரகொட 1970ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து, "டீமேக்கர் தொய்வு" என்னும் பொருள்படும் பெயரால் பிரித்தானிய வைத்திய ஏடொன்றில் எழுதினார். 1980இலும் தேயிலைத் தொழிலாளரின் மார்பு நோய்களைப் பற்றி அவர் எழுதினார். வேலை நாட்களில் முட்டு ஏறி, விடுமுறையில் தணியுமாயின் ஸ்டோர்த் தூசியை ஐயுற வேண்டும். அத்தகைய தொழிலாளிக்கு முதல் மருந்து, தூசியை உறிஞ்சும் விசிறியும், வேறு பகுதியில் வேலையும் ஆகும். கச்சான் காற்று வீசி ஊவாத் தேயிலைக்கு மணம் கூடும் ஆடி, ஆவணி மாதங்களில் ஸ்டோர் ஓயாது இயங்கும். அந்நாட்களில் இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

நான்காவது, வயிற்றுப்புழு. இம்யூனோகுளோபுலின் ஈயும் இயோசினோபில் அணுக்களும் இயல்பாகப் புழுக்களை எதிர்க்கும் காவலர்கள். இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழுவை ஒழிக்கும் இயக்கம் 1916ஆம் ஆண்டளவில் தொடங்கியது என்பது இத்தொல்லையின் பழமையைக் காட்டும். புழு இருந்தால் இவ்வணுக்களின் தொகை தொய்வு இன்றியும் ஏறும், கணக்கு ஏமாற்றிவிடும். அன்றியும் அக்காவலரை ஊசியால் அடக்குமுன் புழுவை நீக்கியிருத்தல் கட்டாயம். அதற்கு வேண்டியது சில மாத்திரைகளே.

இந்நான்கும் முடிந்த பின்னும் முட்டு ஓயாதவரே உண்மையான கடுந்தொய்வினர். அவருடைய இரத்தத்தில் இயோசினோபில் அணுக்களை எண்ணுவது சாதாரண இரத்தப் பரிசோதனை. ஒரு கன மில்லிமீற்றரில் 150க்கோ 300க்கோ மேற்பட்டிருப்பின், புதிய ஊசிகளுள் ஒன்று அவருக்குப் பயன் தரக்கூடும் என்பதற்கு அது அடையாளம். ஸ்டீரொய்ட் மாத்திரை உண்ணும் நாட்களில் இத்தொகை குறைந்து காட்டும் என்பதையும் மறத்தலாகாது.

ஆனால் மருந்துக்கு முன் வழி வேண்டும். பசறையிலோ லுணுகலையிலோ நமுனுகுலை அடிவாரத்திலோ உள்ள ஒரு தோட்டத்திலிருந்து பதுளை வைத்தியசாலைக்கு வந்து போக ஒரு நாள் கூலி இழப்பாகும். கொழும்பு இன்னும் நெடுந்தொலைவு. புகைவண்டிப் பாதையில் 290 கிலோமீற்றருக்கு மேல். ஆகவே முட்டு வந்த இரவில் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துப் புகை பிடித்துவிட்டு, காலையில் மலைக்குப் போய்விடுகின்றனர். அடுத்த முட்டுக்கு வேறொரு வைத்தியசாலை; வேறொரு துண்டு. எவரிடத்தும் முழுக் கதை இல்லை. அதனால் 100க்கு 4 பேராக உள்ள அந்தச் சிலர், எஞ்சிய 96 பேரோடு கலந்து மறைந்துவிடுகின்றனர்.

இதற்கு எளிய பரிகாரம் ஒரு கொப்பி. எந்த நாளில் முட்டு வந்தது, எந்த நாளில் பிரெட்னிசொலோன் கொடுக்கப்பட்டது, எத்தனை நீலப் பம்ப் முடிந்தது என்று பள்ளிக்குச் செல்லும் பிள்ளை அதில் எழுதலாம். ஓராண்டில் இரண்டு முறையோ அதற்கு மேலோ ஸ்டீரொய்ட் மாத்திரைத் தொகுதி உண்டிருந்தால், அந்தக் கொப்பியோடு மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்வது முறை. அங்கிருந்து வேண்டியவரை வெலிசறைத் தேசிய சுவாச நோய் வைத்தியசாலைக்கு அனுப்ப வைத்தியருக்கு வழியுண்டு. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை.

விலையுயர்ந்த மருந்தை அரசு யாருக்கு வாங்குவது என்ற கேள்வி இன்றோ நாளையோ எழும். அப்பொழுது பெயரும் கணக்கும் எழுதப்பட்டவருக்கே அது கிடைக்கும். நகரத்து நோயாளியின் பெயர் விசேட வைத்தியரின் பதிவேட்டில் இருக்கும். தோட்டத்து நோயாளியின் பெயரும் அங்கே இருக்க வேண்டுமாயின், அவர் இன்றே எண்ணப்பட வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளரும், குடும்ப சுகாதார உத்தியோகத்தரும், தொழிற்சங்கத்தாரும் இதற்கு உதவலாம். "அவளுக்கு எப்போதும் இழுப்புத்தான்" என்று லயத்தார் சொல்லிப் பழகிய பெண்ணே அவ்வாறு எண்ணப்பட வேண்டியவள். அவளுடைய இழுப்பு விதியும் அன்று, பரம்பரைச் சாபமும் அன்று. அது காரணம் அறியப்பட்ட நோய். இன்று மருந்தும் உள்ள நோய்.